ஆள் இருக்கிற வீடு

"நீ நிறையப் பேசுவியா?" என்று அத்தை கேட்டாள்.

நான் பெட்டியோடு வந்து இறங்கிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, விடுதியில் இல்லை என்று அப்பா சொன்னார். "என் தங்கச்சி வீடு இருக்கும்போது விடுதி எதுக்கு?" என்று சொல்லி அப்பா என்னை ரயில் ஏற்றிவிட்டார். அத்தை சமையலறையில் நின்று, கழுவிக் கவிழ்த்திருந்த கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான கப்புகள்.

"இல்ல அத்தை. கொஞ்சமாத்தான் பேசுவேன்."

"உங்கப்பன் பெத்த பொண்ணா நீ? அவன் தூங்கும்போதுகூட வாய் மூட மாட்டானே."

"நான் அம்மா மாதிரின்னு சொல்வாங்க."

"உங்கம்மா என் கல்யாணத்துக்கு வந்து மொத்தமா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினா. 'தண்ணி'ன்னா. நாங்க எல்லாம் பதறிப்போய் ஒரு குடம் கொண்டு வந்தோம். சரி, பேச வேண்டாம். படிக்கிறதை ரூம்ல உக்காந்து படிக்காம ஹால்ல உக்காந்து படிப்பியா?"

"படிப்பேன். சத்தம் இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

"சத்தம் இருந்தா நீயே தேவையில்லடி. சத்தம் இல்லாதபோதுதான் நீ வேணும்."

எனக்குப் புரியவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அத்தை துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆள் இருந்தா உங்க மாமா கை நீட்ட மாட்டார். ஆள் இல்லேன்னா நீட்டுவார். அவ்வளவுதான் விஷயம். நீ பயப்படாதே, உன்னை ஒண்ணும் செய்ய மாட்டார். நீ விருந்தாளி."

எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா உன்னை அனுப்பினான்? விடுதியில இடம் இல்லேன்னு சொன்னானா?"

"ஆமா."

"பொய் சொல்றதுல மட்டும் அவன் மாறவே இல்ல" என்று சிரித்தாள். சிரித்தபோது கடைவாயில் ஒரு பல் இல்லாதது தெரிந்தது. "காலையில எனக்குக் கவலை இல்ல. மாடி வீட்டு டீச்சர் வருவா, தையல் கத்துக்கிறவங்க வருவாங்க. சாயங்காலம்தான் ஓட்டை. அந்த ஓட்டையை நீ அடை."

"சரி அத்தை."

"சக்கரை எத்தனை ஸ்பூன்?"

என் அத்தையைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய ஹாலைப் பற்றித்தான் சொல்வார்கள். ராணுவ அதிகாரியின் மனைவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அவள் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது, அவள் வீட்டு அடுப்பில் டீ ஆறாது, அவளுக்குத் தனியாக உட்காரவே தெரியாது. எல்லாம் உண்மை. நான் அந்த ஹாலின் மூலையில் மூன்று வருஷம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மீதி உண்மை எனக்கு அங்கே தெரிந்தது.

கல்யாணமானபோது மாமா லெப்டினன்ட். இரண்டு அறையும் ஒரு தகர ஷெட்டும் உள்ள குவார்ட்டர்ஸ். மூன்றாவது வாரம் அத்தை அவருடைய பூட்ஸ் பிரஷ்ஷை எடுத்து ஜன்னலில் வைத்திருந்தாள். வழக்கமான இடத்தில் பிரஷ் இல்லை. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார். பித்தளைக் கொக்கி அவள் இடது மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது அடி தோளில், மூன்றாவது முதுகில். நான்காவதுக்குக் கை ஓங்கியபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கேப்டனின் மனைவி தீப்பெட்டி கேட்டு வந்திருந்தாள்.

"அந்த மனுஷன் பெல்ட்டை இடுப்புல மாட்டின வேகத்தை நீ பார்க்கணும்" என்று அத்தை எனக்குச் சொன்னாள். "கதவைத் திறந்து, 'வாங்க வாங்க, இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்'னார். முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைக் கல்யாண போட்டோவுலதான் பார்த்திருக்கேன். அந்தம்மா தீப்பெட்டியை வாங்கிட்டுக் கிளம்பினா. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். இவ போகாம இங்கேயே உக்காந்துட்டா என்ன?"

"அம்மா வீட்டுக்குப் போகணும்னு தோணலையா?"

"போனேன். கையைப் பார்த்துட்டு எண்ணெய் தடவி, அடுத்த வண்டியில ஏத்தி அனுப்பிட்டாங்க. உங்கப்பன் மட்டும் ஸ்டேஷன்ல அழுதான்."

மணிக்கட்டு எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளால் கப்பை நேராகப் பிடிக்க முடியாது. சாசரை மார்புக்கு அருகில் வைத்து, கையைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பித்தான் குடிப்பாள். பல வருஷம் கழித்து, மாமா கர்னலான பிறகு, வேறொரு ஊரில், இளம் அதிகாரிகளின் மனைவிகள் எல்லாரும் கப்பை அப்படியே திருப்பிப் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தாளாம். கர்னல் வீட்டுப் பழக்கம், இதுதான் நாகரிகம் என்று அவர்களுக்குள் பேச்சு. "ஒரு ரெஜிமென்ட் முழுக்க என் உடைஞ்ச கையால டீ குடிச்சுதுடி" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

ராணுவத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும். கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் மாமாவின் பெயரும் நம்பரும் எழுதிய இரும்பு டிரங்குப் பெட்டிகள் லாரியில் ஏறும். புது ஊரில் முதல் வாரம்தான் அத்தைக்கு ஆபத்து. யாரையும் தெரியாது, யாரும் வர மாட்டார்கள். அதனால் கப்புகளையும் டீத்தூளையும் கெட்டிலையும் முதலில் இறங்கும் பெட்டியில் மேலாக வைத்துக் கட்டுவாள். லாரி நிற்கும்போதே கீழே குதித்து, முதலில் கண்ணில் படுகிறவரைக் கூப்பிடுவாள். மெத்தை இறங்குவதற்குள் டீ கொதித்துவிடும். துணிமணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

இதில் ஒரு வம்பு இருந்தது. புதிதாக வந்த அதிகாரியின் மனைவி அடங்கி வீட்டில் இருக்க வேண்டும். மேலதிகாரியின் மனைவி முதலில் கூப்பிட வேண்டும், அதன் பிறகுதான் இவள் மற்றவர்களைக் கூப்பிடலாம். அத்தை சமையல்காரரின் மனைவியையும் டெலிபோன் ஆபரேட்டரின் அம்மாவையும் சோபாவில் உட்கார வைத்திருந்தாள். பெரிய மேடம் என்று எல்லாரும் அழைத்த கமாண்டன்ட்டின் மனைவி ஒருநாள் வாசலிலேயே நின்று கேட்டாளாம்.

"இது என்ன ஆபீசர் வீடா, பஸ் ஸ்டாண்டா?"

"பஸ் ஸ்டாண்டுதான் மேடம். உங்களுக்கு ஜன்னல் ஓரம் சீட் போட்டிருக்கேன், வாங்க."

பெரிய மேடம் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அந்த ஊரை விட்டுப் போகும்வரை தினமும் வந்தாள். "பாவம், அவ வீட்டுலயும் என்னமோ இருந்திருக்கும்" என்றாள் அத்தை.

மாமாவுக்கும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. வீடு திரும்பும்போது வாசலில் நின்று செருப்புகளைப் பார்ப்பார். அணிவகுப்பைப் பார்வையிடுகிற மாதிரி ஒரே பார்வை. வேற்றுச் செருப்பு இருந்தால் காலரைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிரித்த முகமாக உள்ளே வருவார். நல்ல கதைகள் சொல்வார். வந்தவர்களுக்குத் தன் கையால் பிஸ்கட் தட்டை நீட்டுவார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டு போவார்கள். செருப்பு இல்லையென்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். அத்தை எந்த அறையில் இருந்தாலும் அந்த இரும்புச் சத்தம் கேட்டுவிடும். உடனே கண்ணாடிச் சாமான்களை எடுத்து உயரத்தில் வைத்துவிடுவாளாம். அடி எப்படியும் விழும், கப்பாவது மிஞ்சட்டும் என்று.

எல்லா ஊரிலும் இது பலிக்கவில்லை. ஒரு மலை ஊரில் மழை பெய்து சரிவு இடிந்து பாதை மூடிவிட்டது. மற்ற குடும்பங்களை ஏற்கெனவே கீழே அனுப்பிவிட்டார்கள். இவர்கள் இருவரும், வீட்டு வேலைக்கு விட்டிருந்த சிப்பாயான ஓர் ஆர்டர்லியும்தான். ஆர்டர்லி மாமாவின் கணக்கில் ஆள் இல்லை, மேஜை நாற்காலி மாதிரி. அந்த மழை விடுவதற்குள் அத்தையின் தோளெலும்பும் அந்தக் கடைவாய்ப் பல்லும் உடைந்தன. வயிற்றில் இருந்த குழந்தையும் போய்விட்டது. அவள் ரத்தம் துப்பப் பாத்திரம் பிடித்தபடி ஆர்டர்லி அழுதிருக்கிறார். ஆம்பளை அழுவதா என்று மாமா அவரையும் அறைந்தார். அதன் பிறகு அத்தைக்குக் குழந்தை இல்லை. இதை அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் யாரையோ போனில் கூப்பிட்டு டீக்கு வரச் சொன்னாள்.

பிறகு போர் வந்தது. மாமா முன்னணிக்குப் போனார். குடும்பங்கள் இருந்த ஊர் வரைக்கும் குண்டுகள் வந்து விழுந்தன. மற்றப் பெண்களுக்குத் தூக்கம் இல்லை. அத்தை மட்டும் பதுங்குகுழியில் குறட்டை விட்டுத் தூங்கினாளாம். ஒரு மத்தியானம் சலவைக் கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. கொதிக்கும் நீர்த் தொட்டி உடைந்து, உள்ளே இருந்த பெண்கள் வெந்துபோனார்கள். சலவைக்காரரின் மனைவிக்கு ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அத்தை தன் வீட்டு ஜன்னல் திரையைக் கிழித்துத் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அவளை முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினாள். அவள் பிழைத்தாள். கட்டைக் காலோடு பின்னால் எத்தனையோ முறை அத்தையின் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த மாசங்கள்ல தினமும் முழங்கை வரைக்கும் ரத்தம்" என்றாள் அத்தை. "ஆனா ஒரு நாள்கூட அது என்னோடது இல்ல."

மாமா பதக்கத்தோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு இன்னும் மோசம். போர் அவரைக் கெடுத்துவிட்டது என்று நான் ஒருமுறை சொன்னேன். புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போருக்கு முன்னாடியே பெல்ட் இருந்ததுடி" என்றாள்.

ஓய்வு பெற்றபின் அவர்கள் வந்து சேர்ந்த வீடுதான் நான் பார்த்தது. கீழ்த்தளம், வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்ட், பெரிய ஹால், சமையலறைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம். அத்தை தன் அம்மா வழியில் வந்த பங்கை விற்றுத் தன் பெயரிலேயே வாங்கிய வீடு. பெல்ட்டின் இடத்தில் இப்போது, அதிகாரிகள் மெஸ்ஸில் நடந்த பிரிவுபசார விழாவில் கொடுத்த பிரம்பு. நுனியில் வெள்ளிப் பூண். மாமா முகத்தில் மட்டும் அடிக்க மாட்டார். முகத்தை மற்றவர்கள் பார்ப்பார்கள். அத்தை வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டைதான் போடுவாள்.

அந்த வீட்டில் எந்நேரமும் ஏதாவது ரிப்பேர். குழாய் ஒழுகும், ஸ்விட்ச் வேலை செய்யாது, ஃபேன் முனகும். யாரும் வர முடியாத பிற்பகல்களுக்கு அத்தையே ஸ்க்ரூ டிரைவரால் எதையாவது கழற்றிவிட்டு ஆள் கூப்பிடுவாள். பின் தெருவில் இருந்த எலெக்ட்ரீஷியன் அடிக்கடி வருவார். காதில் பீடி செருகிய, நடுவயதைத் தாண்டிய மனிதர். வாய் ஓயாது.

"மேடம், போன வாரம்தான் இந்த வயரை நான் முறுக்கினேன். இது தானா கழண்டு வந்து கீழே உக்காந்திருக்கு. பேய்தான் பண்ணியிருக்கணும்."

"பேய்தான். டீ குடிக்கிறீங்களா?"

"அந்தப் பேய் நல்லா இருக்கட்டும் மேடம். என் குடும்பமே அதை நம்பித்தான் ஓடுது."

என் இரண்டாவது வருஷக் கடைசியில் ஒருநாள். மாடி வீட்டு டீச்சர் ஊரில் இல்லை, தையல் வகுப்புக்கு விடுமுறை. ஸ்டோர் ரூமில் விளக்கு எரியவில்லை என்று அத்தை எலெக்ட்ரீஷியனை வரவழைத்திருந்தாள். மாமா கிளப்பில் சீட்டாடப் போயிருந்தார். வழக்கமாக இருட்டும் நேரத்தில்தான் வருவார். ஆனால் அன்று அங்கே யாரோ விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள்: "உங்க வீட்டுல எங்க எல்லாருக்கும் சேர் இருக்கு சார், உங்களுக்குத்தான் இல்ல. அங்க நீங்கதான் விருந்தாளி." மாமா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வாசலில் நின்று பார்த்தார். ஸ்டாண்டில் வேற்றுச் செருப்பு ஒன்றுகூட இல்லை. அப்போது என்னிடம் இருந்த ஒரே ஜோடி என் காலில் இருந்தது.

கரண்ட் வேலை செய்கிறவர்கள் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. எலெக்ட்ரீஷியன் செருப்போடுதான் உள்ளே போய் ஏணியில் நின்றிருந்தார். இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக ஆள் சேர்த்துக் காத்த அத்தைக்கும் தோன்றவில்லை.

நான் கல்லூரியிலிருந்து வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அத்தை கத்தவில்லை. அவள் எப்போதும் கத்த மாட்டாளாம், எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன். உள்ளே எலெக்ட்ரீஷியனின் குரல் கேட்டது.

"சார், விடுங்க சார். சார், அம்மா கீழே விழுந்துட்டாங்க சார்."

பிறகு ஒரு விளாசல். பிறகு கண்ணாடி நொறுங்கி, பாரமான எதுவோ விழும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

கதவைத் திறந்தவர் எலெக்ட்ரீஷியன். காது கிழிந்து தொங்க, கழுத்தெல்லாம் ரத்தம். ஒரே ஒருமுறை தள்ளியிருக்கிறார், இரண்டு கையாலும். மாமா டீ மேஜைமேல் விழுந்து, கண்ணாடிக்கு நடுவே வலது கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தார். அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை பிரம்பின் தடம். அன்று மாமா முகத்தையும் விட்டுவைக்கவில்லை.

கிடந்தபடியே மாமா எனக்கு ஆணையிட்டார்: "போலீஸைக் கூப்பிடு. திருடன்."

எலெக்ட்ரீஷியனை அன்றே பிடித்துக்கொண்டு போனார்கள். பூட்டிய வீட்டில் புகுந்து திருட வந்து, மனைவியை அடித்து, தடுத்த தன்னையும் தள்ளிக் கையை உடைத்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மாமா எழுதிக் கொடுத்தார். கர்னல் எழுதிக் கொடுத்ததை யார் மறுப்பார்கள்? செய்தி பரவி ஹால் நிரம்பிவிட்டது. பூவும் பழமுமாக வந்தார்கள். எப்பேர்ப்பட்ட தைரியம் கர்னல் சாருக்கு, இந்த வயதில் மனைவியைக் காப்பாற்றியிருக்கிறாரே என்று உருகினார்கள். அத்தை வீங்கிய முகத்தோடு அவர்களுக்கு டீ கொடுத்தாள்.

எல்லாரும் போனபின் என்னிடம் கேட்டாள்: "நீ என்ன நினைக்கிறே?"

"நீங்க சொல்லாட்டி அவர் ஜெயிலுக்குப் போயிடுவார் அத்தை."

"அது தெரியுது. சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? இந்த ஹால்ல யாரும் உக்கார மாட்டாங்க. சிரிக்கிற வீட்டுக்குத்தான் ஆள் வரும். அடிபடற வீட்டுக்கு எவ வருவா?" காலிக் கப்புகளைத் தட்டில் அடுக்கியபடியே பேசினாள். "உங்க மாமா கை சரியாகித் திரும்பி வருவார்டி. அன்னிக்கு எனக்கு ஆள் வேணும்."

காலையில் என்னை எழுப்பி, "கிளம்பு" என்றாள்.

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் எங்கள் ஹாலில் டீ குடித்தவர்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டார். அத்தை உட்காரவில்லை. அந்த அறையில் எழுத்தர், இரண்டு கான்ஸ்டபிள்கள், புகார் கொடுக்க வந்த ஒரு குடும்பம், கம்பிக்குப் பின்னால் காதில் கட்டோடு எலெக்ட்ரீஷியன். அத்தை சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றித் தோள்வரை சுருட்டினாள். நானும் அந்தக் கையை அதுவரை பார்த்ததில்லை. புதிய தடங்கள், அவற்றுக்கு அடியில் மஞ்சளாகிக்கொண்டிருந்தவை, அதற்கும் அடியில் எலும்பிலேயே கோணிப்போனவை.

"இந்த மனுஷன் என் வீட்டுக்கு விளக்கு போட வந்தவர்" என்றாள். "இந்தக் கையில முதல் அடி விழுந்தப்போ அவர் பள்ளிக்கூடப் பையன். அதுல எந்த அடி அவர் அடிச்சதுன்னு நீங்களே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். "மேடம், இது குடும்ப விஷயம். நாலு பேர் முன்னாடி..."

"நாலு பேர் முன்னாடிதான் சார் எனக்குப் பேச வரும். குடும்ப விஷயத்துல இவர் எதுக்கு உள்ளே இருக்கார்? வெளியே விடுங்க. என் வீட்டுல இன்னும் லைட் எரியல."

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மாமாமேல் வழக்கு எதுவும் போடவில்லை, போடவும் மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அத்தை சொன்னதுதான் நடந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்தியின் பேரனுக்குப் பரீட்சை, ஒருத்தி வீடு மாற்றுகிறாள். கிளப் நண்பர்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். செருப்பு ஸ்டாண்டில் என் இரண்டு ஜோடிகள் மட்டும். மாடி வீட்டு டீச்சர்கூட படியிலிருந்தே, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். மாமா கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்து ஹாலில், என் எதிரே, நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். கடைசி வருஷம் முழுக்க நானும், கல்லூரி போன நேரம் தவிர, என் மூலையை விட்டு எழவில்லை. நான் இல்லாத நேரத்தில் எலெக்ட்ரீஷியனின் மனைவி வந்து, வெங்காயம் உரிப்பதுபோல் சமையலறையில் உட்கார்ந்துகொள்வாள். கட்டுப் பிரித்த பிறகு மாமா அந்தக் கையால் ரப்பர் பந்தை அழுத்திப் பழகினார். டாக்டர் சொன்ன பயிற்சி. தினமும் நாங்கள் மூவரும் அந்தப் பந்து சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா அதன்பின் இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாள் குளியலறையில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். ஏற்கெனவே ஒதுங்கியவர்கள் எல்லாரும் துக்கம் கேட்க வரிசையாக வந்தார்கள். அடுத்த நாள் அத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையால் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு மாதம் யார் தட்டியும் திறக்கவில்லை. நான் பதறிப் போன் செய்தேன். "சும்மா உக்காந்திருக்கேன்டி" என்றாள். "இது இவ்வளவு நல்லா இருக்கும்னு யாரும் சொல்லவே இல்லையே."

அப்புறம் அவளுக்கே அலுத்துவிட்டது. கதவைத் திறந்தாள். இந்த முறை பிடித்தவர்களை மட்டும் கூப்பிட்டாள். எலெக்ட்ரீஷியன் குடும்பம், கட்டைக் கால் சலவைக்காரம்மா, வெட்கப்பட்டுக்கொண்டே வந்த டீச்சர். பேச்சு பிடிக்கவில்லையென்றால், "சரி, கிளம்பு, எனக்குத் தூக்கம் வருது" என்று பட்டப்பகலில் சொல்லி அனுப்புவாள். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். இப்படி ஏழு வருஷம். போன மாதம், எழுபதைத் தாண்டி, பிற்பகலில் சோபாவில் உட்கார்ந்தபடியே, டீச்சர் சொன்ன ஏதோ கதைக்குச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடியவள் திறக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போனபின் நான் வாசலைப் பெருக்கினேன். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம் இருந்தது. நீல வார், குதிகாலில் தேய்ந்தது. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று டீச்சர் எடுத்து வெளியே வைக்கப் பார்த்தாள். அது என்னுடையது. படிப்பு முடிந்து, வேறு ஊரில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்து நான் கிளம்பிய நாளில் அங்கே விட்டது.

அன்று மாமா கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வாசலில் டாக்சி நின்றது. என்னோடு வந்துவிடுங்கள் என்று அத்தையிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"ஊர் ஊரா மூட்டை தூக்கினது போதும். இது என் வீடு. போறதா இருந்தா அவர் போகட்டும்" என்றாள். என் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள். திரும்பி வந்து, ஸ்டாண்டில் இருந்த என் பழைய செருப்பை எடுத்துப் பையில் போடப்போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எடுத்துட்டுப் போகாதே. விட்டுட்டுப் போ. நீ இல்லேன்னு அவருக்குத் தெரியும், ஆனா காலுக்குத் தெரியாது. செருப்பைப் பார்த்தா வாசல்ல கொஞ்சம் நிக்கும். அவர் நிக்கிற நேரத்துல நான் பின்பக்கமா எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போயிடுவேன். எனக்கு அது போதும். ஐயோ, அப்படி ஜோடி சேர்த்து வைக்காதேடி. இப்பதான் அவசரமா உள்ளே ஓடினவ மாதிரி, ஒண்ணை இப்படி, ஒண்ணை அப்படி, கழட்டிப் போட்டுட்டுப் போ."